ஏறும்போது வியர்வை, இறங்கும்போது நடுக்கம்

1988ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள். இத்தாலி நாட்டைச் சுற்றி மூன்று வார காலம் நடைபெறும் ‘ஜிரோ’ சைக்கிள் பந்தயம் அன்று ஆல்ப்ஸ் மலையில் காவியா என்னும் கணவாயைக் கடக்க வேண்டியிருந்தது. கணவாயின் உயரம் ஏறத்தாழ 2,620 மீட்டர். அடிவாரத்தில் மழையாகத் தொடங்கியது, மேலே போகப் போகப் பனிப்பொழிவாக மாறிற்று. அந்தப் பனியில் யோஹான் வான் டெர் வெல்டே என்ற டச்சு வீரர், அரைக்கைச் சட்டையோடு, மற்ற எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு முதலாவதாக உச்சியை அடைந்தார். அங்கிருந்து அன்றைய பந்தயம் முடியும் போர்மியோ நகருக்குச் சுமார் 25 கிலோமீட்டர் தூரம். எல்லாம் இறக்கம். பெடலை மிதிக்கக்கூட வேண்டாம்.

ஆனால் முதலில் உச்சியை எட்டிய அந்த வீரர் போர்மியோவுக்கு வந்து சேர்ந்தபோது, அன்று வென்றவர் வந்து ஏறக்குறைய 47 நிமிடங்கள் ஆகியிருந்தன! இறங்கும் வழியில் குளிர் தாங்க முடியாமல் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்ற அமெரிக்க வீரரின் குழுவினரோ அன்று காலையிலேயே பனிச்சறுக்கு விளையாட்டுக்குரிய தடித்த கையுறைகளையும் வெப்ப ஆடைகளையும் வாங்கி வைத்திருந்தனர். அவர் அன்று இரண்டாவதாக வந்து, பந்தயத்தின் தலைமையைப் பெற்று, முடிவில் அந்த ஆண்டின் ஜிரோவையே வென்றார்.

இது என்ன வேடிக்கை? ஏறுவது கடினம், இறங்குவது சுலபம் என்றுதானே நாம் நினைக்கிறோம்? ஏறும்போது அரைக்கைச் சட்டை போதுமாக இருந்த அதே மனிதருக்கு, அதே மலையில், அதே நாளில், இறங்கும்போது மட்டும் உயிரே போகும் நிலை வருவானேன்? பத்தாம் வகுப்பு இயற்பியல் தெரிந்தவர்கள் இதற்கு விடை கண்டுபிடித்துவிடலாம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கற்பனைச் சைக்கிளில் ஆல்ப்ஸ் கணவாய் ஒன்றில் ஏறி இறங்குவோம்.

காவியாவுக்கு அடுத்த கணவாயான ஸ்டெல்வியோவை எடுத்துக்கொள்வோம். உயரம் 2,757 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரத்தைவிட 120 மீட்டர் அதிகம். லொம்பார்டி அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. அதை மலைக்கு அப்பாலுள்ள டைரோல் பகுதியோடு இணைப்பதற்காக, கார்லோ தொனேகானி என்ற பொறியாளர் 1820க்கும் 1825க்கும் இடையில் இந்தச் சாலையை அமைத்தார். மோட்டார் வண்டி இல்லாத காலம். குதிரைகள் இழுக்கக்கூடிய சரிவாக இருந்தாக வேண்டும். ஆகவே சாலையை மடித்து மடித்துக் கொண்டுபோனார். வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஆண்டில் ஏறக்குறைய பாதி மாதங்கள் பனி மூடிச் சாலை அடைபட்டுக் கிடக்கும்.

அந்தப் பக்கத்தில் அடிவார ஊரான பிராத்தோ சுமார் 915 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, ஏற வேண்டிய செங்குத்து உயரம் 1,840 மீட்டர். சாலையின் நீளம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சராசரிச் சரிவு நூற்றுக்கு ஏழுக்குச் சற்று மேல். சில இடங்களில் பத்தையும் தாண்டும்.

நீங்கள் 50 கிலோகிராம், சைக்கிளும் மூட்டையும் 20 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 70 கிலோகிராமை 1,840 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 70 × 9.8 × 1,840. அதாவது சுமார் 12.6 லட்சம் ஜூல். இது எங்கும் போய்விடாது. நிலையாற்றலாக உங்களிடமே சேர்ந்துகொண்டிருக்கும். இதை மறந்துவிடாதீர்கள், இறங்கும்போது இந்தக் கணக்கை மறுபடியும் எடுக்கப்போகிறோம். டயர் உருளும்போது ஏற்படும் தடை சுமார் 4 நியூட்டன். 25 கிலோமீட்டருக்கு அது ஒரு லட்சம் ஜூல். மொத்தம் 13.6 லட்சம். இவ்வளவு மெதுவான வேகத்தில் காற்றின் தடையை விட்டுவிடலாம்.

நல்ல உடல்நலமுள்ள மாணவர் ஒருவர் மணிக்கணக்கில் விடாமல் 100 வாட் திறனில் மிதிக்க முடியும் என்று கொண்டால், 13,600 வினாடி ஆகும். அதாவது 3 மணி 47 நிமிடம். வேகம் மணிக்கு ஆறரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். விரைவாக நடப்பவர் உங்களுக்குத் துணையாகப் பேசிக்கொண்டே வந்துவிடலாம்!

நம் தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி முக்கால் பங்கு வெப்பம். எனவே 100 வாட் வேலைக்கு 300 வாட் வெப்பம். மூன்று நூறு வாட் குண்டு பல்புகளை வயிற்றுக்குள் எரியவிட்டுக்கொண்டு மலையேறுகிறீர்கள் என்று சொல்லலாம். இந்தப் பயணத்துக்கு வேண்டிய மொத்த உணவாற்றல் 1,300 கிலோ கலோரி. சமைக்காத அரிசிக் கணக்கில் சுமார் 370 கிராம். உண்டாகும் வெப்பம் முழுவதையும் வியர்வை ஆவியாகியே வெளியேற்றுவதாக இருந்தால் ஒரு லிட்டர் 700 மில்லி வியர்வை வேண்டும். உண்மையில் குளிர்ந்த காற்றும் ஒரு பகுதியைக் கொண்டுபோகும். ஆனாலும் உச்சியை அடையும்போது சட்டை நனைந்துதான் இருக்கும். இந்த நனைந்த சட்டைதான் நம் கதையின் வில்லன்.

கியர் வேலையைக் குறைக்கிறதா?

சாதாரணச் சைக்கிளில் முன் பற்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்று கொள்வோம். (உங்கள் சைக்கிளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். செயின் எண்ணெய் கையில் ஒட்டும், பரவாயில்லை.) சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர். பெடலை ஒரு முறை சுற்றினால் வண்டி 5.4 மீட்டர் போகும். அதே நேரத்தில் பாதம் போகும் தூரம் 1.07 மீட்டர்தான். ஆகவே சாலையில் வேண்டிய 54 நியூட்டன் விசைக்கு, பெடலில் சராசரியாக 28 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். பெடல் மேலும் கீழும் இருக்கும் நிலைகளில் மிதித்துப் பயனில்லை. அந்தக் குறையை நடுவில் ஈடு செய்ய வேண்டும். கிராங்க் கிடைமட்டமாக வரும்போது 44 கிலோ. உங்கள் எடையே 50 கிலோதான்! சரிவு பத்து சதவீதமானால் இது 58 கிலோவைத் தாண்டிவிடும். பெடல் மேல் ஏறி நின்றாலும் அது கீழே போகாது. இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

முன்னாலும் 30 பல், பின்னாலும் 30 பல் உள்ள கியருக்கு மாற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். பெடலில் உச்ச விசை 18 கிலோ. நிமிடத்துக்கு 20 சுற்று மிதித்த இடத்தில் இப்போது 50 சுற்று மிதிக்க வேண்டும். மொத்த வேலை அதே 13.6 லட்சம் ஜூல்தான், ஒரு ஜூல்கூடக் குறையவில்லை. மூட்டையை ஒரே தூக்காகத் தூக்குவதற்கும், பிரித்துப் பல தடவையாகத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இயற்பியலுக்கு இரண்டும் ஒன்று. தசைக்கு ஒன்றல்ல.

இதை ஒப்புக்கொள்ளப் பந்தயக்காரர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. செயினைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் மாற்றும் அமைப்பை பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் 1937ஆம் ஆண்டில்தான் அனுமதித்தார்கள். அதுவரை, பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பற்சக்கரம் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, திருகைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறவேண்டும். 1927ஆம் ஆண்டு இத்தாலியில் ஒரு மலைக்கணவாயில் துல்லியோ கம்பஞோலோ என்ற வீரர், குளிரில் விறைத்த விரல்களால் அந்தத் திருகைக் கழற்ற முடியாமல் தவித்தாராம். அதனால்தான் ஒரே நெம்புகோலில் கழலும் அச்சைப் பிறகு கண்டுபிடித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையில் எவ்வளவு உண்மை என்று வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். ஆனால் விறைத்த விரல் என்பது கதையல்ல. சற்றுப் பொறுங்கள், அதற்கு வருகிறோம்.

வளைவுகளில் ஒரு சிறு உத்தி சொல்கிறேன். கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பு 6 மீட்டர் ஆரமும் வெளிவிளிம்பு 10 மீட்டர் ஆரமும் கொண்டது என்று வையுங்கள். உள்விளிம்பில் அரைவட்டம் 19 மீட்டர், வெளிவிளிம்பில் 31 மீட்டர். இரண்டிலும் ஏறும் உயரம் ஒன்றே. அது ஒன்றரை மீட்டர் என்றால், உள்ளே சரிவு எட்டு சதவீதம், வெளியே ஐந்துதான். இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்பவை. ஆகவே இடப்பக்கம் திரும்பும் வளைவுகள் உங்களுக்கு ஓய்வு கொடுக்கும், வலப்பக்கம் திரும்பும் வளைவுகள் மூச்சு வாங்க வைக்கும்.

நடந்து போகிறவர்கள் இந்த மடிப்புகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுடைய ஒற்றையடிப் பாதை வளைவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு செங்குத்தாகப் போகும். மனித உடலுக்கு, உயரம் ஏறுவது மட்டுமே நோக்கமானால், நாலுக்கு ஒன்று போன்ற சரிவு சிக்கனமானது. அப்படிப்பட்ட பாதையில் நம் 1,840 மீட்டருக்கு 7.4 கிலோமீட்டர் நடந்தால் போதும். 1892ஆம் ஆண்டு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலைநடைக்கு ஒரு வாய்பாடு சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி. போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 4 மணி 35 நிமிடம் வரும். சைக்கிளுக்கும் கால்நடைக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு! பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் மலைப்பாதைகளின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டருக்குப் பதிலாக மணியும் நிமிடமும் எழுதியிருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? மலையில் தூரம் பொய் சொல்லும்.

உச்சிக்கு வந்துவிட்டோம். பாரமானியில் பாதரசம் 760 மில்லிமீட்டருக்குப் பதில் சுமார் 540இல் நிற்கும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றே அடர்த்தி குறைந்துவிட்டதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைவு. தேநீருக்கு வைத்த தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சுமார் ஆறரை டிகிரி குளிர்ந்துகொண்டே வருவதால், அடிவாரத்தில் 15 டிகிரி என்றால் இங்கே 3 டிகிரி. கோடையிலும் இங்கே பனி பொழிவதுண்டு.

12.6 லட்சம் ஜூல் எங்கே போகிறது?

இனி இறக்கம். நிலையாற்றல் முழுவதையும் அடிவாரம் போவதற்குள் எதிலாவது செலவிட்டாக வேண்டும். சைக்கிளில் அதற்கு இரண்டே பெரிய வழிகள். ஒன்று காற்று, மற்றொன்று பிரேக். (உருளும் தடையின் பங்கு அதே ஒரு லட்சம்தான்.)

பிரேக் பிடிக்காமல் நேர்ச்சாலையில் விட்டால், வேகம் கூடக் கூடக் காற்றின் தடை வேகத்தின் இருமடி விகிதத்தில் வளர்ந்து, மணிக்கு சுமார் 50 கிலோமீட்டரில் சரிவின் இழுப்பைச் சமன் செய்துவிடும். அதற்கு மேல் வேகம் கூடாது. ஆனால் 8 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் திரும்புவது ஆபத்து. ஆகவே வளைவுக்கு முன் 45இலிருந்து 20க்கு வர வேண்டும். அப்போது இழக்கும் இயக்க ஆற்றல் சுமார் 4,400 ஜூல். அலுமினிய ரிம் இரண்டும் சேர்ந்து ஒரு கிலோகிராம் என்றால் வெப்பநிலை 5 டிகிரி உயரும். அடுத்த வளைவுக்குள் ஆறிவிடும். 48 வளைவுக்கும் சேர்த்து 2.1 லட்சம் ஜூல்தான். மீதியில் பெரும்பகுதியைக் காற்றே வாங்கிக்கொள்கிறது.

பயந்த சுபாவமுள்ளவர் என்ன செய்வார்? பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே மணிக்கு 28 கிலோமீட்டரில் சீராக இறங்குவார். பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. அந்த வேகத்தில் காற்றின் தடை இன்னும் சிறியது. பிரேக்கில் ஒவ்வொரு வினாடியும் சுமார் 250 ஜூல் இறங்குகிறது. காற்று ஆற்றாவிட்டால் ஒரு நிமிடத்தில் ரிம் 16 டிகிரி சூடேறும். காற்று ஓரளவு ஆற்றும் என்றாலும், விடாமல் பிடித்தால் தொட முடியாத அளவு சுடும். 27 டிகிரியில் இருந்த டியூப் காற்று 87 டிகிரிக்குப் போனால் அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். டயர் ரிம்மை விட்டுப் பிதுங்கலாம். பசை போட்டு ஒட்டிய பந்தய டயரானால் பசை இளகும். இன்னும் மெதுவாக, மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்தால் வெப்பம் மறுபடி குறைந்துவிடும், ஏனென்றால் ஒரு வினாடியில் இறங்கும் உயரமே குறைவு. ஆக, மிகவும் கெடுதலான வேகம் நடுத்தர வேகம்! வகை நுண்கணிதம் படித்த அண்ணன், அக்கா யாராவது வீட்டில் இருந்தால், எந்த வேகத்தில் பிரேக் வெப்பம் உச்சம் என்று கேளுங்கள். உச்ச வேகத்தை √3ஆல் வகுக்க வேண்டும் என்று சொல்வார்கள்.

நன்கு பழகியவர் நேர்ச்சாலையில் வண்டியை ஓடவிட்டு, வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, உடனே விட்டுவிடுவார். பழகாதவர் வேகமாகப் போகவே கூடாது. மெதுவாக ஊர்ந்து, அடிக்கடி நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். இன்றைய மலைச் சைக்கிள்களில் உள்ள டிஸ்க் பிரேக்கில் சூடு டயரைவிட்டுத் தள்ளியிருக்கும் தகட்டில் ஏறுகிறது. அவ்வளவுதான், சூடு மறைந்துவிடுவதில்லை.

இப்போது வான் டெர் வெல்டேயிடம் திரும்பி வருவோம். ஏறும்போது உங்கள் உடல் 300 வாட் வெப்பம் தந்தது. இறங்கும்போது கால்கள் சும்மா இருக்கின்றன. உடல் தருவது 100 வாட் அளவுதான். வேலை செய்வது பூமியின் ஈர்ப்பு. அதன் வெப்பம் போவதோ ரிம்முக்கும் காற்றுக்கும். ரிம் சுடுகிறது, ஓட்டுபவர் உறைகிறார்!

அதோடு, ஏறும்போது இல்லாத காற்று இப்போது மணிக்கு 45 கிலோமீட்டரில் எதிரே அடிக்கிறது. வெப்பநிலை பூஜ்யம் டிகிரி என்றால் அந்தக் காற்றில் தோலுக்கு அது மைனஸ் 8 போலத் தோன்றும். நனைந்த சட்டையை இப்போது நினைத்துப் பாருங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வேண்டும். சட்டையில் 100 கிராம் வியர்வை இருந்தால் 2.4 லட்சம் ஜூல். 50 கிலோ உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி குறைக்க 1.75 லட்சம் ஜூல் எடுத்தால் போதும். அதாவது, உடல் ஈடு செய்யாவிட்டால், அந்தச் சட்டை உலர்வதற்கே உங்கள் உடல் ஒன்றே கால் டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். இயல்பான 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதை ஆபத்து என்கிறார்கள். பேச்சு குழறும், முடிவெடுக்கும் அறிவு மங்கும்.

உடல் சும்மா இருக்காது. நடுங்கும். நடுக்கம் என்பது தசைகள் வெப்பத்துக்காகவே செய்யும் வேலை. ஆனால் நடுங்கும் தோள்களோடு கைப்பிடியைப் பிடித்தால் முன்சக்கரமும் நடுங்கும். மேலும் உடல் உள்ளுறுப்புகளைக் காப்பாற்றக் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. முதலில் விறைப்பவை விரல்கள். பிரேக்கைப் பிடிக்க வேண்டியவையும் அதே விரல்கள்தான். காவியாவில் தடித்த கையுறை அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் இருந்த வித்தியாசம் சொகுசு சம்பந்தப்பட்டதல்ல, பிரேக் சம்பந்தப்பட்டது.

அந்நாளைய வீரர்கள் உச்சியில் நின்றவர்களிடம் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பில் செருகிக்கொண்டு இறங்குவார்கள். தாள் காற்றைத் தடுக்கும். தாள்களுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தைக் கடத்தாது. இதைவிட நல்லது, உச்சியில் நின்று நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு, பையிலுள்ள உலர்ந்த சட்டையை அணிவது. 300 கிராம் எடையுள்ள அந்த மாற்றுச் சட்டையை மேலே கொண்டுவர ஆகும் கூடுதல் வேலையைக் கணக்கிட்டால் 5,400 ஜூல்தான். அது காப்பாற்றிக் கொடுப்பதோ 2.4 லட்சம்.

நடந்து இறங்குபவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவருக்குத் தனி பிரேக் கிடையாது. தொடைத் தசைகளே பிரேக். ஒவ்வொரு அடியிலும் அவை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கின்றன. நிலையாற்றல் அங்கேயே வெப்பமாகிறது. எனவே உடல் குளிர்வதில்லை. ஆனால் நீண்டபடி இழுபடும் தசை நுண்ணிய காயங்களுக்கு உள்ளாகும். அதனால்தான் மலையேறிவிட்டு வந்த மறுநாள், ஏறிய களைப்பைவிட இறங்கிய வலிதான் மாடிப்படியில் தெரியும்.

மாடிப்படி என்றதும் ஒரு சோதனை. உங்கள் பள்ளியில் இரண்டு மாடி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நண்பர் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஓடி ஏறுங்கள். எடை, உயரம், 9.8 மூன்றையும் பெருக்கி வினாடியால் வகுத்தால் உங்கள் திறன் வாட்டில் கிடைக்கும். 50 கிலோ மாணவர் 6 மீட்டரை 6 வினாடியில் ஏறினால் 490 வாட். பிறகு அதே படியை இடைவிடாமல் ஏறி இறங்கிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஸ்டெல்வியோவுக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்.

அதை வைத்து ஒரு கணக்கு. ஸ்டெல்வியோவின் மறுபக்கத்தில் போர்மியோ நகரம் 1,225 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்குச் சாலை சுமார் 21.5 கிலோமீட்டர். உங்கள் எடையும் உங்கள் சைக்கிளின் எடையும் உங்கள் இரண்டாவது எண்ணும் போட்டு, எத்தனை மணி நேரத்தில் ஏறுவீர்கள், உங்கள் சைக்கிளில் உள்ள பற்களின்படி பெடலில் எத்தனை கிலோ விசை வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். விடை உங்கள் உடல் எடையைத் தாண்டிவிட்டால், எத்தனை பல் கொண்ட பின் பற்சக்கரம் வேண்டும் என்றும் சேர்த்துக் கண்டுபிடியுங்கள்.